இன்று கப்பல் இல்லை

மகள் நிச்சயதார்த்தத்துக்கு உறவினர்களை அழைக்க ஹட் பே தீவுக்கு வந்த செந்தமிழனும் மனைவி சுசீலாவும் லாட்ஜில் மாட்டிக்கொண்டு மூன்று நாளாகிவிட்டது. போனில் கப்பல் நேர வெப்சைட்டை எப்போது திறந்தாலும், 'ஹட் பேயிலிருந்து இன்று கப்பல் இல்லை' என்றே காட்டியது.

"ஊருக்குப் போய் நாளைக்குச் சென்னை பிளேனைப் பிடிக்கலேன்னா நிச்சயதார்த்தமே போச்சு! இந்த வெப்சைட்டை நம்பலாமா?" சுசீலா பொரிந்தாள்.

"நான் கட்டினதுடி! கம்பெனிக்காரன் எவனையும் நம்பாம, நம்ம டாலிகஞ்ச் வீட்லயே சர்வர் வச்சிருக்கேன். கப்பல் ஆபீஸ்ல தகவலை மாத்தினா, அது வழியாத்தான் எல்லா போனுக்கும் போகும்."

லாட்ஜ்காரர் எட்டிப் பார்த்தார். "அரே பாய், மூணு நாளா தினமும் கப்பல் போகுதே! இன்னிக்குக் கப்பலும் இப்பதான் போச்சு."

செந்தமிழன் மனைவி பக்கம் திரும்பினார். "அப்ப மூணு நாளா பழைய தகவலே நிக்குது... சர்வர் நின்னாத்தான் போன் கடைசியா வந்ததையே காட்டும். சுசீலா, கிளம்பும்போது சர்வரை அணைச்சியா?"

"அதை நான் ஏன் தொடுறேன்? எப்பவும்போல மெயின் சுவிட்சை அணைச்சிட்டுத்தான் வீட்டைப் பூட்டினேன். சாவிகூட இதோ, என் பையிலதான் பத்திரமா இருக்கு."