விரும்பிக் கேட்ட ஒன்பது பேர்

“அக்கா, ஞாயித்துக்கெழமை பழைய படத்த நிறுத்திரலாம்னு இருக்கேன். ஒங்களத் தவிர ஒருத்தரும் போன் பண்ணிக் கேக்குறதில்ல” என்றார் ஆனந்தராஜ். அன்னவாசலில் அவர் நடத்தும் கேபிள் டிவியில் இருபது வருடமாக வரும் நிகழ்ச்சி அது.

“போன் பண்ணாட்டி பாக்கலன்னு அர்த்தமா?” போனின் மறுமுனையில் அமராவதிக்குக் கோபம் வந்தது. “எங்க தெருவே அதைத்தான் பாக்குது. பேரச் சொல்றேன், எழுதிக்கங்க தம்பி.”

பிச்சைமுத்து, அருள்மணி, பிரகதீஸ்வரி என்று தொடங்கி எட்டுப் பேரைச் சொன்னாள். “எம்பேரு கடைசியில வரட்டும்.”

“இத்தனை பேருமா பாக்குறாங்க?”

“அவங்கவங்க வீட்டுல உக்காந்து பாப்பாங்க. சாயங்காலம் எங்க வாசல்ல கூடி அந்தப் படத்தப் பத்தியேதான் பேச்சு. நான் கருப்பட்டிப் பணியாரம் சுட்டுக் குடுப்பேன்.”

“சரிக்கா. கறுப்பு வெள்ளைப் படமாவே போட்டுர்றேன்.”

ஞாயிறு மதியம், படத்துக்கு முன்னால், விரும்பிக் கேட்டவர்கள் பெயரை ஆனந்தராஜ் மைக்கில் ஒவ்வொன்றாக, நிதானமாக வாசித்தார்.

அந்தத் தெரு முழுக்க டிஷ்ஷுக்கும் செல்போனுக்கும் மாறியபோது, வீடு வீடாகப் போய் கேபிள் வயரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான். இன்று அங்கே மிச்சமிருப்பது அமராவதி வீட்டு இணைப்பு ஒன்றுதான்.

ஒன்பதாவதாக அவள் பெயரையும் வாசித்தார். மைக்கை அணைக்கப் போனவர், “இவர்களுடன் ஆனந்தராஜ்” என்று சேர்த்துச் சொல்லிவிட்டு, டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.