ஈரப் பூச்சு

குளியலறையில் தூசி பறக்காது என்பதால், அவள் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேதான் நிற்கிறாள். கையளவு சிவப்பு மாடல் கார் ஒன்றுக்கு, காற்றால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷால் பளபளப்புப் பூச்சு அடிக்கிறாள். கற்றுக்கொள்ளத் தொடங்கியதிலிருந்து ஒருமுறைகூடச் சரியாக வந்ததில்லை. ஒன்று வழிந்து ஓடும், இல்லையென்றால் ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரக்கும். இன்றுதான் சிவப்பின் மேல் தண்ணீர்போலப் படிகிறது. தலைக்கு மேல் எரியும் குழல்விளக்கு பானெட்டில் நெளியாமல் ஒரே கோடாக விழுகிறது. மூச்சு விடவே பயமாக இருக்கிறது அவளுக்கு. கதவு திறக்கிறது. "என்னடி நாத்தம் இது?" என்று தலையை நீட்டும் கணவன், வாயைப் பொத்தாமலே ஒரு தும்மல் போடுகிறான். எச்சில் தெறித்த இடமெல்லாம் பூச்சு அம்மைத் தழும்புபோலக் குழிகிறது. "ச்சீ!" என்று அவள் அவனை முறைக்கிறாள். "எச்சிதானே, இதுக்குப் போயி முறைக்கிற?" என்று கட்டைவிரலால் அழுத்தித் துடைக்கிறான். சிவப்பு விரலோடு இழுபட்டு வருகிறது. "காயவே இல்லியே இது!" என்று அவளையே குறைசொல்லிவிட்டு, விரலை அவளுடைய துண்டில் தேய்த்துக்கொண்டு போகிறான். அந்தத் துண்டை இரண்டு விரல் நுனியால் தூக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, இதுவரை போட்டிராத உள்தாழ்ப்பாளை அவள் போட்டுக்கொள்கிறாள்.