ஏழாவது பாட்டு

துரை தன் ஷேர் ஆட்டோவை அசரியா வீட்டுக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினான். வீட்டிலிருந்து இனி ஒரு சைக்கிள்கூட வெளியே போக முடியாது.

"டேய் அசரியா, வெளிய வாடா! ஆல்பமா போடுற ஆல்பம்? சாயங்காலம் நீ எப்படி மேடை ஏறுறேன்னு பாக்குறேன்!"

ஹில்டாதான் முதலில் வாசலுக்கு ஓடி வந்தாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஹால் பிடித்தாயிற்று, நாற்காலிகூடப் போய் இறங்கிவிட்டது. பதினாலு வருஷம் பாட்டை மறந்து கிடந்த அவள் புருஷன் இன்றைக்குத்தான் மறுபடி மைக்கைப் பிடிக்கப் போகிறான். எந்தக் கம்பெனியும் கிட்டே சேர்க்காததால், படுக்கையறைச் சுவரெல்லாம் போர்வையைத் தொங்கவிட்டு, தானே எழுதி, தானே பாடி, நேற்றுக் காலை தானே நெட்டில் ஏற்றிவிட்ட ராப் ஆல்பம். அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போடவென்றே இவன் வந்து நிற்கிறான்.

துரையும் ஒரு காலத்தில் ராப் பாடினவன்தான். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் எந்த மேடையானாலும் இவனை அவன் கிழிப்பான், அவனை இவன் கிழிப்பான். அதைக் கேட்கவே கூட்டம் அள்ளும். கடைசியாகப் படப்பையில் வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, துரை வீசிய மைக்கில் அசரியாவின் முன்பல் போனது. அதோடு இரண்டு பேரையும் மேடைக்குக் கூப்பிட ஆளில்லை.

அதனால்தான் இந்தத் தடவை ஹில்டா கறாராக இருந்தாள். சினிமாக்காரனைத் திட்டிக்கோ, டிவிக்காரனைத் திட்டிக்கோ, ரோட்டைத் தோண்டிப் போட்டவனைத் திட்டிக்கோ. துரையைத் திட்டி எழுதியிருந்த ஏழாவது பாட்டு மட்டும் வரவே கூடாது.

"இருக்குறதுலயே அதுதான்டி நல்ல பாட்டு. அவன் இல்லாம சப்புன்னு இருக்கும்" என்று அசரியா எவ்வளவோ மன்றாடினான். அவள் மசியவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஆல்பத்திலிருந்து அதை எடுத்துவிட்டான்.

எடுத்த பாட்டு இவன் காதுக்கு எப்படிப் போனது? மிக்ஸிங் செய்து கொடுத்த பல்லாவரத்து ஆல்வின்தான் எவனிடமோ போட்டுக் காட்டியிருக்க வேண்டும். ஓட்டை வாய்ப் பயல்!

"அண்ணா, உள்ள வாங்க. எதுவா இருந்தாலும் உக்காந்து பேசலாம்" என்றாள் ஹில்டா.

"இன்னாத்தப் பேசுறது தங்கச்சி? மொத பாட்டுல இருந்து கடைசி பாட்டு வரிக்கும் கேட்டேன். நான் மட்டுமா கேட்டேன்? ஸ்டாண்டுல இருக்கிற அத்தினி பேரையும் உக்கார வெச்சு, டீ வாங்கிக் குடுத்துக் கேக்க வெச்சேன். இன்னிக்கு அத்தினி பேரும் என்னைப் பார்த்து இளிச்சுகினு கீறானுங்க. மானமே போச்சு!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அசரியா வாசலுக்கு வந்தான்.

"இன்னாடா சவுண்டு? இது வூடு. ஆட்டோவை எடு மொதல்ல."

"எடுக்கிறேன். மூணாவது பாட்டுல, 'மேடைக்கு மேடை குரைக்கிற நாயி'ன்னு பாடினியே, அது யாரு?"

"டிவியில ஜட்ஜு சீட்டுல உக்காந்துகினு கீறானே, அந்த ஆளு. நீ இல்ல."

துரையின் மூக்கு விடைத்தது. "அஞ்சாவதுல, 'கூட இருந்து குழி பறிச்சவன்'?"

"அது என் மச்சான்."

ஹில்டா திரும்பிப் புருஷனை முறைத்தாள். அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. அந்தப் பஞ்சாயத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கடைசிப் பாட்டுல 'எச்சக்கல'ன்னு ஒருத்தன் வர்றானே?" துரையின் குரல் கிறீச்சிட்டது.

"அது பொதுவா சொன்னதுடா. உன்னைச் சொல்லல, போதுமா?"

போதவில்லை. துரை விட்ட உதையில் செம்பருத்தித் தொட்டி உருண்டு உடைந்தது. அடுத்த நொடி அசரியாவின் பனியன் அவன் கைப்பிடிக்குள் இருந்தது. அசரியாவும் விடவில்லை, அவன் காக்கிச் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டான்.

இன்னொரு பல்லும் போய்விட்டால் சாயங்காலம் எந்த வாயால் பாடுவான்? ஹில்டா இருவருக்கும் நடுவில் பாய்ந்தாள்.

"அண்ணா, சத்தியமாச் சொல்றேன்! உங்களைத் திட்டி ஒரு பாட்டு இருந்தது உண்மைதான். எவன் போட்டுக் காட்டினானோ தெரியல. ஆனா நான்தான் சண்டை போட்டு அதை எடுக்க வெச்சேன். ஆல்பத்துல உங்களைப் பத்தி ஒரு வார்த்தைகூடக் கிடையாதுண்ணா!"

"என்னைத் திட்டி பாட்டு இருந்துச்சா?"

துரையின் பிடி தளர்ந்தது. பனியனை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனான். அவன் கண் கலங்கியிருப்பதை ஹில்டா அப்போதுதான் பார்த்தாள்.

"ஊர்ல ஒருத்தன் பாக்கி இல்லாம திட்டிக்கீறான் தங்கச்சி. நான் இன்னா பாவம் பண்ணேன், என்னை மட்டும் வுட்டுட்டீங்க?"