வள்ளிக்கு ஒரு சாட்சி

"அந்தப் பிள்ளையோட அம்மா செத்ததை நீ கண்ணால பாத்தியா?"

ஹெப்சிபா டீச்சர் பேனாவைத் திறந்துகொண்டே கேட்டாள். எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்த பெண் தலையை ஆட்டினாள்.

"கிட்ட இருந்து பாத்தேன் டீச்சரம்மா."

1978 செப்டம்பர். யமுனை கரை புரண்டு வந்து ஆற்றோரத்து ஜுக்கிக் குடிசைகளை வாரிச் சுருட்டிக்கொண்டு போய் ஒன்பது நாளாகிவிட்டது. கரோல் பாக் மிஷன் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஓரங்கட்டிவிட்டு அநாதைப் பிள்ளைகளுக்குப் பாய் விரித்திருந்தார்கள். பாதிக்கு மேல் கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் கூலிகளின் பிள்ளைகள். மிஷனை நடத்தும் மிஸ்ஸியம்மா வெள்ளைக்காரி. அவளுக்கு இந்தி வரும், தமிழ் வராது. அதனால்தான் ஹெப்சிபா கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தாள்.

மிஷனில் ஒரு கண்டிப்பு உண்டு. தாயும் இல்லை, தகப்பனும் இல்லை என்று அதே குடிசைப் பகுதி ஆள் ஒருவர் வந்து சாட்சி சொல்லிக் கைநாட்டு வைத்தால்தான் பிள்ளையைச் சேர்ப்பார்கள். சாட்சி இல்லாத பிள்ளை நாலு மணி லாரியில் ஆற்றுக்கு அந்தப்புறத்துப் பெரிய முகாமுக்குப் போக வேண்டியதுதான். போன வாரம் அப்படி அனுப்பிய மூன்று பிள்ளைகளில் இரண்டு எங்கே போயின என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இன்று வள்ளியின் முறை. ஏழு வயது. வந்த நாளில் பெயரைச் சொன்னதோடு சரி, அப்புறம் வாயே திறக்கவில்லை. மூன்றரை மணிவரை அவளுக்காக ஒரு ஈ காக்காய்கூட வரவில்லை. டீச்சர் மனசு கேட்காமல் கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். கண்ணைத் திறந்தபோது இந்தப் பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். சேலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மழை விட்டபாடில்லை, அந்த வாரம் டில்லியில் யார் சேலைதான் காய்ந்திருந்தது?

"பிள்ளையோட அப்பா?"

"போன வருசமே சாரத்துலேர்ந்து விழுந்து போயிட்டாரு."

"அம்மா பேரு?"

"வீராயி."

"உன் பேரு?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "வீராயிதான்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"

"எங்க ஊர்ப்பக்கம் வீட்டுக்கொரு வீராயி இருப்பா டீச்சரம்மா."

டீச்சருக்குப் பொறி தட்டியது. போன வாரம் இப்படித்தான் ஒருத்தி, "நான் பக்கத்துக் குடிசை" என்று சாதித்தாள். பிள்ளை "அம்மா" என்று ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறு கிடைக்கட்டுமே என்று உயிரோடு இருக்கிற தாயே தன்னைச் செத்தவளாக்கிக்கொள்கிறாள். என்ன காலம் இது.

"சரி, எப்படிச் செத்தா? சொல்லு."

"பிள்ளையத் தூக்கி மரத்து மேல வச்சா. கிளைய விட்டுடாதன்னு சொன்னா. அதுக்குள்ள காலுக்கு அடியில மண்ணு போயிடுச்சு. தண்ணிக்குள்ள முங்கறப்பகூட, இனிமே இது ராத்திரியில யாரு காதப் புடிச்சிக்கிட்டுத் தூங்கும்னுதான் நெனச்சா."

"அவ நெனச்சது உனக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பெண்ணின் பார்வை மூலையில் உட்கார்ந்திருந்த வள்ளி மேலேயே இருந்தது. வள்ளியோ ஸ்லேட்டின் மேல் கவிழ்ந்த தலையை நிமிர்த்தவே இல்லை. சின்னப் பிள்ளையை எவ்வளவு கெட்டியாகப் பழக்கி வைத்திருக்கிறாள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

"டீ குடிக்கிறியா?"

"வேணாம் டீச்சரம்மா, எதுவும் எறங்காது."

"பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போயேன்."

"பயந்துக்கும்."

வெளியே லாரிக்காரன் "ஜல்தி, ஜல்தி" என்று ஹாரனை அடித்தான். பொய்ச்சாட்சி சொல்லாதே என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவளே ஹெப்சிபாதான். 'ஆண்டவரே, இந்தப் பாவம் என் தலையில இருக்கட்டும்' என்று நினைத்துக்கொண்டு மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினாள். அந்தப் பெண் பெருவிரலை அழுத்திக் கைநாட்டு வைத்தாள்.

டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்குக் காலையில சமையல்கட்டுக்கு வா. பாத்திரம் தேய்க்க ஆள் வேணும். தினமும் பிள்ளையைப் பாத்துக்கிடலாம். நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

அவள் எழுந்து கைகூப்பினாள். கண் நிறைந்திருந்தது.

"நீங்க பாத்துக்குங்க டீச்சரம்மா. எனக்கு அது போதும்."

சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

மிஸ்ஸியம்மா உள்ளே வந்து தாளை வாங்கிக் கைநாட்டைப் பார்த்தாள். "அச்சா" என்று சொல்லி முத்திரை குத்தினாள். வள்ளி இல்லாமலே லாரி கிளம்பியது. அப்பாடா என்றிருந்தது டீச்சருக்கு.

அவள் வள்ளியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் தலையை வருடினாள்.

"கண்ணு, அது உன் அம்மாதானே? எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நாளையிலேர்ந்து அவ இங்கதான் வேலை பாக்கப் போறா."

பெயரைச் சொன்ன நாளுக்கு அப்புறம் முதல் தடவையாக வள்ளி வாயைத் திறந்தாள்.

"எங்கம்மாவத்தான் தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிடுச்சே டீச்சர், நான் மரத்து மேலேர்ந்து பாத்தேனே. நீங்க ஏன் இவ்ளோ நேரம் அந்த வெறும் முக்காலிகிட்ட பேசிக்கிட்டே இருந்தீங்க? எனக்கு பயமா இருந்துச்சு, அதான் நான் தலையவே தூக்கல."