சுவரோர நெட்

மின்னல் மறுபடியும் நின்றுவிட்டது.

மின்னல் என்பது ஆன்லைன் ஆட்டத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர். பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் நின்றே வேலை பார்ப்பவள், சாயந்திரம் உட்கார்ந்தால் போனில் துப்பாக்கியோடுதான் உட்காருவாள்.

"மின்னல் வந்துட்டுப் போயிடுச்சுப்பா," என்று போனுக்குள் யாரோ சிரித்தார்கள்.

"சிரிப்பெல்லாம் இருக்கட்டும்," என்றாள் அணித் தலைவி. "இன்னும் கொஞ்ச நேரத்துல ஃபைனல். அதுலயும் நீ இப்படிப் பாதியில நின்னா வேற ஆளைச் சேர்த்துக்குவேன். வருத்தப்படாதே."

எப்படி வருத்தப்படாமல் இருப்பது? இந்த ஃபைனலுக்கு வர அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். நெட் பெட்டியை அணைத்துப் போட்டாயிற்று. பீரோ மேல் ஏற்றியாயிற்று, இறக்கியாயிற்று. கூடத்தில் எட்டிக்கூடப் பார்க்காத நெட், படுக்கையறைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மட்டும் வந்தது. அதிலும் இந்த விக்கல்.

"யாரோ உன் நெட்டைத் திருடுறாங்க போல," என்றாள் தலைவி. "நெட் பெட்டியோட செட்டிங்ஸ் பக்கத்தைப் போன்ல திறந்து பாரு. யார் யார் ஒட்டியிருக்காங்கன்னு தெரியும்."

திறந்து பார்த்தாள். காது சூடாகிவிட்டது.

'மின்னல்' என்று அவள் போன் இருந்தது. அதற்குக் கீழே 'டீச்சர் லேப்டாப்'. அதற்கும் கீழே 'மாமா டிவி'.

"என்னங்க, இங்க வாங்க. திருடியைப் புடிச்சுட்டேன்."

துணி மடித்துக்கொண்டிருந்த கணவன் எட்டிப் பார்த்தான்.

டீச்சர் வேறு யாருமில்லை, அவளுடைய அக்கா; மாமா, அக்காவின் கணவர். அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள். அம்மாவின் வீட்டை இரண்டாக்கிச் சுவர் எழுப்பியபோது, ஜன்னல் யார் பக்கம் என்று ஆரம்பித்தது சண்டை. ஜன்னல் அக்காவுக்குப் போயிற்று. பேச்சு இரண்டு பேருக்கும் போயிற்று.

"ஜன்னலைப் புடுங்கினது போதாதுன்னு இப்ப நெட்டையும் புடுங்குறா."

"அவங்க அப்படிச் செய்யுற ஆளா? நெட்காரரை வரச் சொல்லியிருக்கேன். வந்து பாக்கட்டும், பொறு."

"அவர் வர்றதுக்குள்ள என்னைத் தூக்கிப் போட்டுட்டு வேற ஆளைச் சேர்த்துடுவாங்க."

கணவன் கையை நீட்டுவதற்குள் அக்காவுக்குக் குரல் செய்தி போய்விட்டது. மாதக்கணக்காக வாய் திறக்காதவள் பேசிய முதல் பேச்சு அது.

"பேரு டீச்சர், செய்யுறது திருட்டு. இன்னிக்கு எனக்கு ஃபைனல். மரியாதையா என் நெட்டை விட்டுடு."

பெட்டியின் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு போனில் 'மாமா டிவி' காணாமல் போயிற்று. அடுத்து 'டீச்சர் லேப்டாப்'.

"பாத்தீங்களா? குட்டு உடைஞ்சதும் எப்படி வாலைச் சுருட்டிக்கிட்டா."

கணவன் மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தான்.

ஃபைனல் தொடங்கியது. விக்கலும் இல்லை, இழுவையும் இல்லை. முதல் சுற்றில் மின்னல் பெயருக்கேற்ப ஆடினாள்.

"இதுதான்டி ஆட்டம்," என்றாள் தலைவி. "அடுத்த சுற்றும் இப்படியே ஆடு, கோப்பை நமக்குத்தான்."

இடைவேளையில் நெட்காரர் வந்து சேர்ந்தார். கூடத்துப் பெட்டியைப் பார்த்தார். அதன் ஒயரைத் தொட்டுக்கொண்டே வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"மேடம், உங்க லைன் செத்துக் கிடக்கு. போன மழையில கிளை விழுந்து ஒயர் அறுந்திருக்கு. பெட்டியில சிவப்பு லைட் எரியுதே, பாக்கலையா?"

"லைட் எரிஞ்சா நெட் இருக்குன்னுதானே அர்த்தம்?"

"சிவப்பா எரிஞ்சா இல்லைன்னு அர்த்தம்."

"இப்பத்தானே ஒரு சுற்று ஆடி ஜெயிச்சேன். பெட்டியோட பக்கத்தைக்கூடத் திறந்து பாத்தேன். எங்க அக்கா வீட்டு லேப்டாப்பும் டிவியும் என் நெட்டைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு."

நெட்காரர் அவள் போனை வாங்கிக்கொண்டு படுக்கையறைச் சுவர் வரை போனார்.

"நீங்க திறந்து பாத்தது அவங்க பெட்டியை. ரெண்டு பெட்டிக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு. அப்படி இருந்தா எதுல நெட் வருதோ அதுல போன் தானாப் போய் ஒட்டிக்கும். உங்க ஒயர் அறுந்ததுலேருந்து நீங்க ஆடுறது அவங்க நெட்டுலதான்."

"பேரு எங்க அம்மா பேரு. அதை அவளும் வச்சிருப்பா, சரி. பாஸ்வேர்டு எப்படி ஒண்ணா இருக்கும்? தூங்குமூஞ்சின்னு அம்மா என்னைத் திட்டுவாங்க, அதைத்தான் வச்சேன்."

"உன்னை மட்டுமா திட்டினாங்க?" என்றான் கணவன்.

அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க போன் பேரு உங்க அக்கா பெட்டியில இத்தனை நாளும் தெரிஞ்சிருக்கும்," என்றார் நெட்காரர். "ஒரு தட்டு தட்டி வெளியே தள்ளியிருக்கலாம். ஏன் தள்ளலைன்னுதான் தெரியலை."

அதற்குள் அடுத்த சுற்று தொடங்கிவிட்டது.

"மின்னல், ஏன் அசையாம நிக்கிற?" என்று தலைவி கத்தினாள். "மறுபடி நெட் போச்சா?"

நெட் போகவில்லை. அவள் விரல்தான் நகரவில்லை. திரையின் மேலே அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்து நின்றது. வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று தொட்டாள்.

"டிவியை அணைச்சாச்சு. பிள்ளைங்க ஆன்லைன் கிளாஸையும் நாளைக்குத் தள்ளிட்டேன். இப்ப நிக்காம வருதாடி?"