யார் பேரில் அம்மா?

"திருடறதுக்கு உனக்கு வேற ஆளே கிடைக்கலையா அண்ணா? பெத்த அம்மாவையா திருடுவே?"

ஷூவின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்த குனிஹிகோ, வாசலில் குனிந்தபடியே உறைந்துபோனான். நகோயாவில் இருக்க வேண்டிய தங்கை மிசாவோ, போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றிருந்தாள்.

"என்ன இது, வந்ததும் வராததுமா? ஆபீஸ்லேர்ந்து இப்பதான் வரேன்."

"எனக்கும் ஆபீஸ் இருக்கு! அங்கே கணக்குப் பிரிவுல அத்தனை பேர் முன்னாடி கூப்பிட்டு வெச்சுக் கேட்கிறாங்க. 'உங்க அம்மாவை உங்களைச் சார்ந்து வாழறவங்கன்னு காட்டி வரிக் கழிவு வாங்கியிருக்கீங்க. அது செல்லாதுன்னு வரி ஆபீஸ் சொல்லுது. திருப்பிக் கட்டுங்க'ன்னு. பொய்க் கணக்கு கொடுத்தவளைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாங்க!"

அடுப்படியில் முள்ளங்கி வேகிற வாசனை வந்தது. அம்மா கரண்டியும் கையுமாக நின்றிருந்தாள். திரும்பவில்லை.

"அதுக்கு நான் என்ன செய்யணும்?" என்றான் குனிஹிகோ. போட்டிருந்த கோட்டு சூட்டின் மேலிருந்து ஒரு மஞ்சள் இலையைத் தட்டிவிட்டான்.

"நடிக்காதே. ஒரு அம்மாவை ஒரு பிள்ளைதான் கணக்குல காட்ட முடியும். என் பேர்ல செல்லலைன்னா வேற யாரு காட்டியிருப்பா? எதிர்வீட்டுக்காரனா? மாசாமாசம் அம்மாவுக்குப் பணம் அனுப்பறவ நான். பல்லு கட்டிக் கொடுத்தவ நான். நீ அவ வீட்டுல படுத்துக்கிட்டு, அவ கட்டித் தர்ற சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போறே. கழிவு உனக்கா?"

"மெதுவாப் பேசு. பக்கத்துல கேட்கும்."

"கேட்கட்டும்! புருஷன் இருந்தா கழிவு. பிள்ளை இருந்தா கழிவு. புருஷன் செத்தாலும் கழிவு. நான் தனிக்கட்டை. வாங்குற சம்பளத்துல வரி ஆபீஸ்காரன் கேட்கிறதையெல்லாம் கொடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு நிக்கறேன். எனக்குன்னு இருந்த ஒரே கழிவு அம்மாதான்!"

"என்னைக் கழிவு கழிவுன்னு சொல்லாதேடி" என்றாள் அம்மா, திரும்பாமலே. "காதுக்கு நல்லா இல்லே."

"நீ சும்மா இரும்மா. இன்னிக்கு இவன் வாயால கேட்காம நான் போக மாட்டேன். சொல்லு அண்ணா. போன நவம்பர்ல உன் ஆபீஸ்லயும் அந்த வரிக் கழிவு ஃபாரம் கொடுத்திருப்பாங்க இல்லே? சம்பளம் வாங்குற எல்லாருக்கும் கொடுக்கறதுதானே? அதுல அம்மா பேரை எழுதினியா, இல்லையா?"

குனிஹிகோ அம்மாவின் முதுகைப் பார்த்தான். கழுத்து டையை இறுக்கிக்கொண்டான்.

"எழுதினேன்." தேவைக்கு மேல் உரக்கச் சொன்னான். "ஃபாரம் கொடுத்தாங்க, எழுதினேன். நான் மூத்தவன். கூட இருக்கிறவன். போதுமா?"

"த்தூ! கேட்டியாம்மா? வெட்கமே இல்லாம சொல்றான்!"

அம்மா அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, மேஜையருகே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அவன் எழுதலே. யாரும் என்னை எழுத முடியாது. எனக்குச் சம்பளம் வருது."

மிசாவோவின் வாய் திறந்தபடியே நின்றது. "சம்பளமா? காலையில பூங்காவுக்கு உடற்பயிற்சிக்குப் போறேன்னு சொன்னே?"

"உடற்பயிற்சிதான். குனிஞ்சு நிமிர்ந்து துடைக்கிற வேலை."

"இந்த வயசுலயா?" மிசாவோ அண்ணன் பக்கம் பாய்ந்தாள். "அம்மா தரை துடைக்கிறா, நீ சூட் போட்டுக்கிட்டு வெளியே கிளம்பறே! சோறு எப்படி இறங்குது உனக்கு?"

 குனிஹிகோ ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் காலுறையுமாக வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அவனைத் திட்டாதே, மிசாவோ. உன்கிட்டதான் நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். என்னால உனக்கு ஆபீஸ்ல தலைகுனிவு. தப்பு என்னோடது."

"எதுக்கும்மா வேலைக்குப் போறே? பென்ஷன் வருது. நான் அனுப்பறேன். போதலையா?"

"நீ அனுப்பறது எனக்கு. அதுல இன்னொரு வயித்துக்கும் சோறு போட்டா, உனக்குத் துரோகம் பண்ண மாதிரி ஆகாதா?"

"இன்னொரு வயிறா?" மிசாவோவின் குரல் கீச்சிட்டது. "யாரும்மா அது? இந்த வயசுல எவனையாவது..."

"சீ, வாயைக் கழுவு!"

அம்மா அவளைப் பார்க்கவில்லை. வாசற்படியில் தெரிந்த அந்தச் சூட்டின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கம்பெனியிலயும் நவம்பர்ல அதே ஃபாரம் கொடுத்தாங்க. உங்களைச் சார்ந்து வாழறவங்க யாருன்னு கேட்டிருந்தது. வருமானம் இல்லேன்னு போட்டு, உங்க அண்ணன் பேரை எழுதிக் கொடுத்துட்டேன்."

குனிஹிகோ திடுக்கிட்டுத் திரும்பினான்.

"நீ ஆபீஸ் போறேன்னு சொல்லிட்டுப் போய் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறியே, அந்த நூலகத்து மேஜையைத் துடைக்கிறவ நான்தான்டா" என்றாள் அம்மா. "தொப்பியும் முகக்கவசமும் போட்டிருக்கிற கிழவிதானேன்னு, ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்தியா நீ?"