எல்லாமே ஜென்கோதாய்

"அடுத்த மாசத்துலேர்ந்து நம்ம நிலையத்துல எல்லாமே ஜென்கோதாய்!"

காலை உடற்பயிற்சி முடிந்த கையோடு நிலையத் தலைவர் குரோகி இப்படிக் கத்தியதாகத்தான் அரிமுராவின் காதில் விழுந்தது. வரிசையில் நின்ற மற்ற ஐந்து பேரும் கைதட்டினார்கள். அரிமுரா தட்டவில்லை. 

பின்னே? ஜென்கோதாய் என்றால் அத்தனை ஆட்களையும் மாற்றுவது. பழைய ஆள் வெளியே, புது ஆள் உள்ளே. எரிமலை ஊரான ககோஷிமாவில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த வார்த்தை. சீட்டைக் கிழிக்கப்போகிறேன் என்று ஒருவர் சொல்கிறார், கிழிபடப்போகிறவர்கள் கைதட்டுகிறார்கள். இதென்ன கூத்து!

பகலில் சூரிய ஒளியிலிருந்து எடுக்கும் மின்சாரத்தைப் பேட்டரிகளில் பிடித்துவைத்து, பொழுது சாய்ந்ததும் ஊருக்கு அனுப்புகிற நிலையம் அது. பேட்டரிகள் இருக்கும் கன்டெய்னர்களை நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வருவதுதான் அரிமுராவின் பிழைப்பு. அங்கே ஓடும் மின்விசிறிகளின் இரைச்சலில் அவர் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. அதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொன்னாலும் கேட்காது.

எரிமலை ராத்திரி கொட்டிவிட்டுப் போன சாம்பலை, சூரியப் பலகைகள் மேலிருந்து கழுவிக்கொண்டிருந்தாள் ஹிடகா. பேட்டரிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண், கைக்குழந்தைக்காரி. அவளோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அரிமுராவுக்குத் தாங்கவில்லை.

"ஏம்மா, நெஜமாவே சந்தோஷமாத்தான் இருக்கியா?"

"இல்லாமலா? எத்தனை வருஷமா எதிர்பார்த்தது, அரிமுரா-சான்! இனிமே ராத்திரியில நிம்மதியாத் தூங்கலாம்."

வேலை இல்லாவிட்டால் பகலிலும்தான் தூங்கலாம். வாய்வரை வந்ததை அவர் மென்று விழுங்கினார்.

"உன் குழந்தைய நெனச்சுப் பாத்தியா?"

"அவளுக்காகத்தானே எல்லாம்! அவ வளந்து பெரியவளாகறப்போ ஊர் ஊருக்கு இதுதான் இருக்கும். வீட்டுக்கு வீடுகூட வந்துடும், பாருங்க!"

வீட்டுக்கு வீடா? வீட்டில் யாரை எடுத்துவிட்டு யாரை வைப்பார்கள்? புருஷனையா? அரிமுராவுக்குத் தலை சுற்றியது.

ஹிடகாவின் சிரிப்பு சட்டென்று வாடியது. "உங்கள நெனச்சாத்தான் மனசு ஒரு மாதிரியா..."

"என்னை விடு. நான் தனிக்கட்டை. எங்கயாவது மீன் கழுவிப் பொழைச்சுக்குவேன். உங்க அஞ்சு பேரை நெனச்சாத்தான் எனக்கு ஆறல."

அவள் திருதிருவென்று விழித்தாள். அதற்குள் அவர் நகர்ந்துவிட்டார்.

மதியம் சோற்றுருண்டையைப் பிரித்தார். நடுவிலிருந்த ஊறுகாய்ப் பிளம்கூட அன்று புளிக்கவில்லை. சுற்றிலும் எல்லாரும் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் பக்கம் திரும்பினால் மட்டும் பேச்சு குறைந்தது. பாவம், எனக்கு முன்னால் அழக்கூடாது என்று அடக்குகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பாதி உருண்டையை அப்படியே மூடிவைத்துவிட்டு எழுந்தார். நேராகத் தலைவர் அறை.

"குரோகி-சான், ஜென்கோதாய் விஷயமாப் பேசணும்."

குரோகி பதறி எழுந்தார். "நானே உங்ககிட்ட வரணும்னுதான் இருந்தேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம..."

"எல்லாம் புரியுது. மேலிடத்துக்கு ஒரு தலை வேணும், அவ்வளவுதானே? என் தலைய எடுத்துக்குங்க. மத்தவங்க புள்ளகுட்டிக்காரங்க. அவங்க மேல கை வெக்காதீங்க."

குரோகியின் கண் கலங்கிவிட்டது. மேஜையில் நெற்றி இடிக்கிற அளவுக்குக் குனிந்து வணங்கினார்.

"எப்பேர்ப்பட்ட மனசு உங்களுக்கு! நாலு நாளா எனக்குத் தொண்டையில முள்ளு மாதிரி இருந்துச்சு. நீங்களே எடுத்துட்டீங்க."

"மத்தவங்க?"

"ஒருத்தர் வேலைக்கும் ஆபத்தில்ல. நான் பொறுப்பு."

இவ்வளவு சுலபமாகவா? கெஞ்சுவதற்கென்று தயார் செய்து வந்த பேச்செல்லாம் வாயிலேயே தங்கிப்போனது. அரிமுராவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, ஐந்து குடும்பம் பிழைத்தது! ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்தார்.

வாசலில் சாம்பல் படிந்த ஜீப் பக்கத்தில் ஹிடகா நின்றிருந்தாள்.

"கவலைய விடும்மா. உங்க யாரையும் மாத்த மாட்டாங்க. பேசி முடிச்சுட்டேன்."

"எங்கள எதுக்கு மாத்தணும்?"

"காலையில அவரே சொன்னாரே, எல்லாமே ஜென்கோதாய்னு!"

ஹிடகா வாயைப் பிளந்தாள். பிறகு, காது கைவிட்டால் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். ஜீப்பின் மூடியில் படிந்திருந்த சாம்பலில் விரலால் எழுதிக் காட்டினாள்.

"இதோ, இப்படி எழுதினா நீங்க சொல்றது. ஆள் மாத்தறது." அதன் கீழே வேறு இரண்டு எழுத்துகள். "அவர் சொன்னது இது. நீட்டாம, குறில்ல சொல்லணும். ஜென்கொதாய். எல்லாமே கெட்டி! உள்ள சொட்டுத் திரவம்கூட இல்லாத புதுவகை பேட்டரி. ஒழுகாது, புகையாது, தீப்பிடிக்குமோன்னு பயமும் இல்ல. மாத்தப்போறது பேட்டரிய, அரிமுரா-சான்!"

அரிமுராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அட நாசமாப் போற காதே! குறிலுக்கும் நெடிலுக்கும் நடுவுல நாள் பூரா அல்லாடிட்டேனே! அப்போ யாருக்குமே வேலை போகப்போறதில்லையா?"

ஹிடகாவின் பார்வை, அவர் கக்கத்திலிருந்த ஹெல்மெட்டில் சிவப்பு மையால் எழுதியிருந்த வார்த்தையில் போய் நின்றது: 'தீக்காவல்'.